காலில் சின்னக் காயம்தானே? நீரிழிவு இருந்தால் ஏன் ஆறுவதில்லை?

ஜாலான் புசார் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சிராங்கூன் ரோட்டுக் கோயில்கள் நடக்கும் தூரம்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறீர்கள். வீடு திரும்பிக் காலைக் கழுவும்போது பார்த்தால் குதிகாலில் ஒரு கீறல். வலியே இல்லை. "ரெண்டு நாள்ல ஆறிடும்" என்று விட்டுவிடுகிறீர்கள்.

உங்களுக்கு நீரிழிவு இருந்தால், அந்த "வலியே இல்லை" என்பதுதான் கவலைப்படவேண்டிய விஷயம்.

இது யாருடைய பிரச்சினை?

2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகப் பேசினார். சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அவர் சொன்னார். அதாவது, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவராவது இருக்கக்கூடும்.

நீரிழிவால் இங்கு நாளுக்குச் சுமார் 4 முறை கால் அல்லது கால்விரல் துண்டிக்கப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆறாத ஒரு புண்ணில் தொடங்கியவை.

காயம் பட்டால் உடல் என்ன செய்யும்?

முதலில் ரத்தம் உறையும். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளைத் தாக்கும். ஓரிரு நாளில் மேக்ரோபேஜ் எனும் அணுக்கள் சேர்ந்துகொள்ளும். அவை கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும்.

சுத்தம் செய்து முடித்ததும் மேக்ரோபேஜ்கள் வேறு வேலைக்கு மாறும். வீக்கத்தை அடக்கி, புதிய ரத்தக் குழாய்களும் தோலும் வளரத் தூண்டும். காயம் ஆறுவதற்கு இந்த மாற்றம் மிக முக்கியம்.

நீரிழிவு இருந்தால் எங்கே தடங்கல்?

ரத்தத்தில் சர்க்கரை அளவு நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் நியூட்ரோஃபில்கள் காயத்துக்கு வந்துசேரத் தாமதமாகும். கிருமிகளை விழுங்கும் திறனும் குறையும். மேக்ரோபேஜ்களோ பழுதுபார்க்கும் வேலைக்கு மாறாமல் சண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். வீக்கம் அடங்காது. அப்போது வெளியாகும் நொதிகள், புதிதாக வளரும் திசுவையே அரித்துவிடும்.

ஆக, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். சண்டையைச் சரியாகத் தொடங்கவும் முடியவில்லை, நேரத்தில் நிறுத்தவும் முடியவில்லை. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் மாத்திரைகளையும் பானங்களையும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதோடு, கால்களுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையலாம். நரம்புகள் பாதிக்கப்பட்டால் வலியும் தெரியாது. சூடான தரையில் நின்று கொப்புளம் வந்தாலும் உணராமல் போகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- தினமும் இரண்டு பாதங்களையும் பாருங்கள். விரல் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வையுங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

- வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள்.

- கோயிலுக்குப் போவதென்றால் உச்சிவெயில் நேரத்தைத் தவிர்க்கலாம். திரும்பியதும் பாதங்களைச் சோதியுங்கள்.

- தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலில் நடக்கவேண்டும். நேர்த்திக்கடன் வைக்குமுன் மருத்துவரிடம் பேசுங்கள்.

- ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பலதுறை மருந்தகங்களில் அந்த வசதி உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள் காலில் புண்ணைக் கண்டால் காத்திருக்கவேண்டாம். சிவந்து வீங்கினால், சீழோ துர்நாற்றமோ இருந்தால், தோல் கறுத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே போய்விடுங்கள். சிகிச்சை தொடங்கி 4 வாரமாகியும் புண் பாதி அளவுக்குச் சுருங்காவிட்டால், சிகிச்சையை மாற்றவேண்டுமா என்று கேளுங்கள்.

இன்றிரவு அப்பாவோ அம்மாவோ "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும், ஒருமுறை காலைக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு வலிக்காத காயம் உங்கள் கண்ணில் படலாம்.