அமேசன் தொட்டிக்குப் பெரிய லைட் எதற்கு?

பிள்ளைகளுக்கு மீன் தொட்டி வைத்துக் கொடுக்கும் வாப்பாமார் அடிக்கடி ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "நியோன் டெட்ரா, ஏஞ்சல், கொரி எல்லாம் வாங்கியாச்சு. செடியும் அமேசன் மாதிரி வைக்கலாம் என்றால், விலைகூடிய லைட்டும் காபனீரொட்சைட்டு சிலிண்டரும் இல்லாமல் சரிவராது என்கிறார்கள். உண்மையா சேர்?"

உண்மையில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் கோபத்தையே தருகிறது. அமேசனின் பெரிய கிளையான ரியோ நீக்ரோவின் பெயருக்கே கறுப்பு ஆறு என்றுதான் பொருள். காட்டுக்குள் ஓடிவரும் அதன் சிற்றோடைகளில் மரங்கள் வெயிலை மறைத்து நிற்கும். விழுந்த இலைகள் ஊறி ஊறித் தண்ணீர் பிளேன்டி நிறத்தில் இருக்கும். கார்டினல் டெட்ரா வாழ்வது அங்கேதான். கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் அந்த மீன் நிறம் வெளிறி மூலையில் ஒதுங்கும், கண்ணாடியில் அல்கா படியும், மிச்சம் கரண்ட் பில்தான்.

ஆகவே சாதாரண எல்ஈடி லைட், ஒரு நாளைக்கு ஆறேழு மணித்தியாலம் போதும். யன்னல் வெயில் நேரே விழாத இடமாகப் பாருங்கள். பாதி அழகை மரக்கட்டையும் சருகுமே தந்துவிடும். கொட்டங்காய் என்று நாம் உடைத்துத் தின்னும் அந்த வாதுமை மரத்தின் காய்ந்த இலை இரண்டு மூன்றைக் கழுவிப் போட்டாலே அந்தச் சாய நிறம் வரும். இதற்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை.

செடி என்றால் முதலில் அமேசன் சுவோர்ட். நடுத்தர வெளிச்சத்திலும் வளரும், ஆனால் வேரால் சாப்பிடுகிற செடி. கழுவிய வெறும் மணலில் நட்டால் இலை மஞ்சளாகும். அது வெளிச்சக் குறை அல்ல, போசணைக் குறை. வேரடியில் ஓர் உர வில்லையைப் புதைத்தால் தீரும். பெரிதாக வளரும் என்பதால் இரண்டடித் தொட்டிக்கு ஒன்றே போதும், பின்பக்கம் வையுங்கள். வேரை மட்டும் புதைக்க வேண்டும், குருத்து மணலுக்கு மேலே நிற்க வேண்டும். பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்ப்பதால், தொட்டிக்கு வந்ததும் பழைய இலைகள் கரைந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் அதிகம். பொறுங்கள், நடுவிலிருந்து புது இலை வரும்.

இரண்டாவது பிரேசில் பெனிவோர்ட். வல்லாரை மாதிரி வட்ட இலை, நட்டாலும் வளரும், மிதக்கவிட்டாலும் வளரும். ஜாவா ஃபேர்ன், அனுபியாஸ் இரண்டையும் கூட அமேசன் செடி என்றே விற்கிறார்கள். முன்னது ஆசியா, பின்னது மேற்கு ஆபிரிக்கா. குறைந்த வெளிச்சத்துக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை, எனவே வைத்தால் குற்றமில்லை. கிழங்குத் தண்டை மணலில் புதைக்காமல் கட்டையில் நூலால் கட்டுங்கள். அதேபோல நிழலோடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வெண்டி இலங்கைக்கே உரிய செடி, வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குவது. ஓடையில் பிடுங்காமல் பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள்.

இனி மிதக்கும் செடிகள். எங்கள் கவலை இங்கேதான். அமேசன் ஃப்ரொக்பிட் எல்லாவற்றிலும் சுலபமானது. மேலே மிதந்து நிழல் தரும், அல்காவுக்குரிய போசணையை உறிஞ்சும், டெட்ரா அதன் வேர்களுக்குக் கீழே நிம்மதியாக நிற்கும். ஆனால் சில வாரங்களில் தொட்டியை மூடிவிடும். பிறகு கை நிறைய அள்ளி எங்கே போடுகிறோம்? வாய்க்காலில்.

நம்ம பக்கத்து வாய்க்கால்களையும் குளங்களையும் அடைக்கும் ஆற்றுவாழையும் சல்பீனியாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவைதான். ஆற்றுவாழையைத் தடுக்க 1909இலேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சல்பீனியா 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவுக்குப் படிப்புக்காக வந்து, அங்கிருந்து வயல்வரை போய்விட்டது. அதை அடக்க 1986இல் ஒரு சிறிய மூக்கு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டின் பூர்வீகமும் பிரேசில்தான். இன்னும் முற்றாக ஒழியவில்லை. படித்தவர்கள் கையிலிருந்தே தப்பிய செடி, பிள்ளைகள் கையிலிருந்து தப்ப எவ்வளவு நேரம்?

அதனால் வயலுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் மிதவைச் செடி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நிழலுக்குப் பெனிவோர்டை மிதக்கவிடுங்கள், வெட்டிய துண்டுகளை அதையும் வாய்க்காலில் போடாமல். ஏற்கனவே ஃப்ரொக்பிட் வைத்திருப்பவர்கள் மிஞ்சியதைச் சீமெந்துத் தரையில் பரப்பி, மொறுமொறுவென்று காய்ந்த பிறகு தென்னையடியில் போடுங்கள். தொட்டித் தண்ணீரையும் மரத்துக்கே ஊற்றுங்கள், காணில் வேண்டாம்.

எங்கள் பாடசாலைத் தொட்டியில் சுவோர்ட் குட்டி போட்டிருக்கிறது. வேண்டியவர்கள் பாடசாலை விட்ட பிறகு ஒரு போத்தலோடு வாருங்கள், காசு வேண்டாம். மிதவை கேட்டால் மட்டும் தரமாட்டோம்.