ஓர் அறைக்குச் சதுர அடிக் கணக்கு ஆகாது

"சதுர அடிக்கு ரெண்டாயிரத்து நூறு அண்ணாச்சி. சாவியைக் கையில வாங்கிக்கிட வேண்டியதுதான், வேற ஒரு தொந்தரவும் கிடையாது."

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்று கொத்தனார் இப்படிச் சொன்னபோது மனசு லேசாகத்தான் இருந்தது. பன்னிரண்டுக்குப் பத்தில் ஓர் அறை, அதை ஒட்டி நாலுக்கு ஏழில் ஒரு கழிவறை. சுவர்களையும் சேர்த்தால் 195 சதுர அடி. பெருக்கினால் 4,09,500 ரூபாய். என் கையில் இருந்தது மூன்றரை லட்சம். அறுபதாயிரம்தானே, புரட்டிவிடலாம் என்று தோன்றியது.

முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். எதையும் எண்ணாமல் விட வராது. அம்மாவின் கட்டிலிலிருந்து புறவாசல் கழிவறைக்கு 27 எட்டு. நடுவில் இரண்டு படி, ஒரு சாக்கடை. போன கார்த்திகையில் மழை இரவில் அந்த இரண்டாவது படியில்தான் விழுந்தார். 82 வயதில் மணிக்கட்டோடு போனது புண்ணியம். அதன்பிறகுதான் இந்த அறைப் பேச்சே எழுந்தது.

கொத்தனாரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இதுல எதெல்லாம் சேரும்?" பழைய சுவரை உடைத்து வாசல் எடுப்பது தனி. தரைமட்டத்துக்கு மண் நிரப்புவது தனி. செப்டிக் டேங்கில் பைப் சேர்ப்பது தனி. தண்ணீர் உங்களுடையது. லைட்டும் ஃபேனும் உங்களுடையது. பழைய கழிவறையை இடித்து அள்ளுவது தனி. இந்தத் 'தனி'களை மட்டும் நோட்டில் எழுதிக் கூட்டினேன். எண்பதாயிரத்தைத் தாண்டியது.

கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். முழு வீடு கட்டுகிறவருக்குச் சொல்லும் ரேட்டைத்தான் எனக்கும் சொன்னார். தப்பு நாம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: மினிமம் டிக்கெட். எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் வரை போகிறவருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு விழும். அடுத்த ஸ்டேஜில் இறங்குகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏறினாலே ஒரு காசு. சின்னக் கட்டடமும் அப்படித்தான். சென்டரிங் பலகை வரவேண்டும், மிக்சர் மிஷின் வரவேண்டும், பிளம்பர் வரவேண்டும். அறுநூறு சதுர அடிக்கு வந்தாலும் நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தாலும் அவர்கள் வருகிற செலவு ஒன்றுதான்.

சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு முப்பது வீடென்றால் தரை 600 சதுர அடி, சுற்றுச் சுவர் 100 அடி. என் அறைக்குத் தரை 120 சதுர அடி, சுற்றுச் சுவர் 44 அடி. தரை ஐந்தில் ஒரு பங்கு. சுவரோ பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கழிவறை இன்னும் மோசம். 28 சதுர அடித் தரைக்கு 22 அடிச் சுவர். ஏழடி உயரத்துக்கு டைல் ஒட்டினால், கதவுக்கு விட்டது போக, 133 சதுர அடி டைல். வீட்டிலேயே சின்ன இடம், அடிக்கு அடி பார்த்தால் வீட்டிலேயே அதிகம் விழுங்குகிற இடம். இதைச் சதுர அடி ரேட்டில் ஒப்புக்கொள்கிற கொத்தனார் ஒன்று நஷ்டப்படுவார், இல்லையென்றால் எங்கேயாவது கம்பியைக் குறைப்பார். இரண்டும் எனக்கு வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கு இது புரியவில்லை. "கனவு இல்லத்துல 360 சதுர அடிக்கே மூணரை லட்சம்தான் குடுக்கான், உனக்கு 195-க்கு ஏன் பத்தலை?" என்றார் மைத்துனர். அவர் சொன்ன தொகை சரிதான். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊர்ப்புறத்து வீட்டுக்கு அரசு தருவது அவ்வளவு. எனக்குத் தெரிந்து அதில் கட்டிய இரண்டு வீட்டுக்காரர்களும் நகையை வைத்து மேலே போட்டார்கள் என்பதை மைத்துனர் சொல்லவில்லை.

இன்னொரு யோசனையும் வந்தது: "மாடியில போட்டுரு. மண்ணு தோண்ட வேண்டாம், நாளைக்கு மகனுக்கும் ஆகும்." எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் கம்பிகள் 1994 முதல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஊரில் பாதி வீட்டில் நிற்கும். மகன் கல்யாணத்துக்குள் மாடி எழுப்பிவிடுவோம் என்று விட்டது. மகன் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறான், கம்பி துருப்பிடித்துத் தளத்துக்குள் தண்ணீரை இறக்குகிறது. வராத மாடிக்காக முப்பது வருஷம் காத்திருந்த வீட்டில், கீழே ஒரு கழிவறை கட்ட அம்மா விழ வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படியேற முடியாதவருக்கு மாடியில் அறை எதற்கு என்று ஒரே வார்த்தையில் அந்த யோசனையை முடித்தேன்.

என் செலவிலேயே உருப்படியானது எது என்று கேட்டால், முதலில் போன ஆறாயிரம் ரூபாயைச் சொல்வேன். எங்கள் டிப்போ டிரைவர் ஒருவரின் மகள் சிவில் டிப்ளமோ முடித்துத் தனியாக வேலை பார்க்கிறார். வந்து பார்த்து, ஒரு தாளில் படம் போட்டு, சாமான் பட்டியல் எழுதித் தர ஆறாயிரம் கேட்டார். "ஒரு ரூமுக்கு இன்ஜினியரா?" என்று வீட்டிலேயே சிரித்தார்கள். அந்தப் பெண் படம் போடவில்லை, முதலில் பின்பக்கம் போய் ஒரு கம்பியை வைத்துத் தரையைத் தட்டினார். செப்டிக் டேங்க் மூடி எங்கள் புது அறையின் நடுவில் வருவது அப்போதுதான் தெரிந்தது. அறையை மூன்றடி தள்ளி வைத்தோம். தள்ளாமல் கட்டியிருந்தால் டேங்க் நிரம்புகிற அன்றைக்கு அம்மாவின் கட்டிலைத் தூக்கிவிட்டுத் தரையை உடைத்திருப்போம்.

இரண்டாவது விஷயம் மண். எங்கள் ஊர் கரிசல். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு மேலே வரும். மேலே நிற்கிற சுவரும் கூடவே ஏறி இறங்கும். கொத்தனார் மூன்றடி வானம் போதும் என்றார். அந்தப் பெண், கரிசல் முடிகிற வரை தோண்டச் சொன்னார். நாலரை அடியில் வெள்ளையாகச் சுக்கான் மண் தட்டியது. கூடுதல் ஒன்றரை அடிக்குத் தோண்டு கூலியும் கல்லும் 18,000 ரூபாய். மண்ணுக்குள் போகிற பணத்தை யாரும் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. அதனால்தான் எல்லோரும் அங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்.

அடுத்து, புதுச் சுவரும் பழைய சுவரும் சேர்கிற இடம். "பழைய செங்கல்லைப் பேத்து, பல் விட்டுக் கட்டிருவோம் அண்ணாச்சி, கோட்டை மாதிரி நிக்கும்" என்றார் கொத்தனார். அந்தப் பெண் கேட்டார்: "பழைய வீடு முப்பது வருஷமா உக்கார்ந்து முடிச்சிருச்சு. புதுசு இனிமேதான உக்காரும்? ரெண்டையும் கட்டிப்போட்டா எது கிழியும்?" கொத்தனார் பதில் சொல்லவில்லை, மீசையைத் தடவினார். புதுச் சுவரைத் தனியாகவே எழுப்பினோம். நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி, அதில் தெர்மாகோல் பலகை, மேலே மழைத்தண்ணீர் இறங்காதபடி தகட்டில் ஒரு மூடி. பொங்கல் பானைக்கு மூடி போட்டது மாதிரி இருக்கிறது, பார்க்க அழகில்லை.

பட்டியல் கையில் வந்ததும் ஏற்பாட்டை மாற்றினோம். சாமான் என் பொறுப்பு, கூலி மட்டும் கொத்தனாருக்கு, அதுவும் அஸ்திவாரம், பெல்ட், லிண்டல், தளம், பூச்சு என்று ஐந்து தவணையாக. அவருக்கும் இதில் நிம்மதிதான்; சிமெண்ட் விலை ஏறினால் அவர் தலையில் விழாது.

சாமான் வாங்குவதில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். எம்-சாண்ட் ஒரு யூனிட் என்று டிராக்டர் வந்து நின்றது. யூனிட் என்றால் 100 கன அடி. டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தேன்: நீளம் ஒன்பதரை, அகலம் ஐந்தரை, உயரம் ஒன்றரை. 78 கன அடி. டிரைவர் சிரித்தார். "மேல கூம்பா இருக்குல்லா, அதையும் சேத்துக்கிடுங்க." கூம்பைக் கையால் தட்டிச் சமமாக்கி அளந்து காட்டினேன், 85 வந்தது. 85-க்குத்தான் பணம் கொடுத்தேன். கோபப்படவில்லை அவர். "இத்தனை வருஷத்துல டேப்பு வச்சு அளந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். கம்பிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 12 மில்லி கம்பி நாற்பதடி நீளத்துக்குப் பத்தரைக் கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், 8 மில்லி என்றால் நாலே முக்கால். எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்கினேன். சிமெண்ட்டில்தான் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை; வைகாசியில் வேலையை முடித்தேன், 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள்.

கூலியில் மட்டும் பேரம் பேசவில்லை. சித்தாள் பெண்ணின் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறைத்து நான் மாளிகை கட்டிவிட முடியாது. குறைக்க வேண்டியது ஆசையில். பரண் வேண்டாம் என்றேன். முகப்புக்கு டிசைன் வேண்டாம். பின்பக்கத்து அறைக்கு முகப்பு ஏது? ஜன்னலும் நிலையும் பழைய சாமான் கடையில் வாங்கினேன், யாரோ இடித்த வீட்டுத் தேக்கு, இழைத்து எண்ணெய் போட்டதும் புதிது தோற்றது.

மிச்சம் பிடித்ததைக் கழிவறையில் கொட்டினேன். எல்லோரும் வைக்கிற இரண்டரை அடிக் கதவு வேண்டாம், மூன்றடி; நாளைக்கு நடைவண்டியோ சக்கர நாற்காலியோ வந்தால் நுழைய வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவின்மேலே சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை எப்படித் தள்ளுவது? இதைக் கேட்டதும் தச்சருக்கே முகம் மாறியது. வாசலில் திண்டு கிடையாது. தண்ணீர் வெளியே வராமல் தரையை வாட்டம் மட்டும் பார்த்துப் போட்டார்கள். கைப்பிடி வருகிற சுவரை நாலரை அங்குலத்தில் கட்டாமல் ஒன்பது அங்குலத்தில் கட்டினோம், போல்ட் பிடிக்க வேண்டுமே. லைட்டுக்கு அம்மாவின் தலைமாட்டில் ஒரு சுவிட்ச், உள்ளே ஒரு சுவிட்ச்.

எந்த எஸ்டிமேட்டிலும் வராத செலவு தண்ணீர். சீவலப்பேரித் தண்ணீர் முறை வைத்து வருகிற ஊர் இது. தளத்தின்மேல் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்த, சுவருக்கு இரண்டு வேளை அடிக்க, லாரித் தண்ணீர்தான். சிக்கனம் என்று இதில் கைவைத்தால் போட்ட சிமெண்ட் அத்தனையும் வீண். என் மனைவிதான் காலை ஐந்தரைக்கு எழுந்து பாத்தியில் தண்ணீர் பார்த்தார்.

மொத்தம் 3,84,200 ரூபாய். மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4,09,500-உம் எண்பதாயிரமும் சேர்ந்தால் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

எனக்கு ஒரு டிரைவர் மகள் கிடைத்தார். கிடைக்காதவர் என்ன செய்வார்? 2500 சதுர அடி மனைக்குள் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவருக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி என்று 2024 ஜூலையில் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அனுமதி வேறு, ஆலோசனை வேறு. டேங்க் எங்கே இருக்கிறது, மண் எப்படி, பழைய சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பெரிய வீடு கட்டுகிறவருக்கு வங்கிக்கடனோடு இன்ஜினியரும் வந்துவிடுகிறார். மூன்று லட்சத்தை நகையிலும் சீட்டிலும் புரட்டி ஓர் அறை சேர்க்கிறவருக்கு வருவதில்லை. அவருக்குத்தான் தப்பானால் திருத்தக் காசு இருக்காது. நகராட்சியிலும் ஒன்றியத்திலும் வாரம் ஒரு நாள் ஒரு பொறியாளரை இதற்கென்று உட்கார வையுங்கள். நேரில் வந்து பார்க்க ஆயிரம் ரூபாய் கட்டணம் வையுங்கள், கொடுப்போம். இலவசம் கேட்கவில்லை.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. பத்து நாள் கழித்துப் புது அறை வாசலில் நின்று பார்த்தேன். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி, ஒரு நகக்கனம் விரிந்திருந்தது. இரண்டு சுவரிலும் ஒரு கீறல் இல்லை. மகள் பிள்ளையின் பென்சிலை வாங்கி, இடைவெளிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதினேன்.

அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய்யா, இவ்வளவு செலவழிச்சுப் பூசின சுவத்துல கிறுக்குதியே" என்றார்.