குழந்தை 'மாட்டேன்' என்றால் நிறுத்துவோம்!

ஆசிரியத் தோழர்களே, அங்கன்வாடித் தோழர்களே, மாதர் சங்கத் தோழர்களே!

கோடை விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகள் சொந்தக்காரர் வீடுகளுக்கும் ஊர்த் திருவிழாக்களுக்கும் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் நம் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

எந்தக் காதுகுத்து வீட்டிலும் பார்க்கலாம். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறது, உடம்பு விறைக்கிறது. "என்ன பழக்கம் இது? பெரியவங்க கூப்பிட்டா போகணும்" என்று அம்மாவே இழுத்து அவர் மடியில் உட்கார வைக்கிறார். அந்த மாமா தங்கமான மனிதராகவே இருக்கட்டும். தன் பயத்தைவிடப் பெரியவர் விருப்பமே பெரிது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதே! கெட்ட எண்ணத்தோடு நெருங்குபவனுக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

வகுப்பில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித் தருகிறோம். அவசியம்தான். வீட்டில் பிள்ளையின் 'மாட்டேன்' மதிக்கப்படாவிட்டால் அந்தப் பாடம் நிற்காது. 2007-இல் ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் ஏராளம். பெரும்பாலோர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்க வைப்போம். கை, கால் போலவே அந்தரங்க உறுப்புகளின் பெயரையும் கூசாமல் சொல்லித் தருவோம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அன்றே சொல்லச் சொல்வோம். ஒருவர் பக்கத்தில் இருக்கவே பிடிக்கவில்லையா? காரணம் கேட்காமல் நம்புவோம். "நீ ஏன் அங்கே போனே?" என்ற கேள்வி நம் வாயிலிருந்து வரவே கூடாது.

குடும்ப மானம் என்று மூடி மறைக்கச் சொல்வார்கள், இணங்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பயந்து நிற்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். விடுமுறைக்கு முன் அந்தக் குழுவைக் கூட்டுங்கள். அப்பாக்களையும் கட்டாயம் வரவழையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு பிள்ளையையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்!