கல்நெஞ்சம் பிறவியிலேயே வருவதா?

பிறர் துன்பம் கண்டு இரங்காமலும், தாம் செய்த தீங்குக்கு நாணாமலும் வாழ்வோர் சிலர் உண்டு. உளநூலார் இவர்களைச் ‘சைக்கோபாத்’ என்பர். “அது பிறவிக் குணம்” என்று ஒதுக்கிவிடுதல் எளிது. மரபுக்கும் பங்குண்டு என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும், மரபு மட்டுந்தானா காரணம்?

லண்டன் உளமருத்துவர் ஜான் பௌல்பி, திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறார்களைப் பற்றிய ஆய்வை 1944-இல் வெளியிட்டார். அவர்களுள் எவரிடமும் பாசம் கொள்ளாதோர் 14 பேர். அந்தப் பதினால்வரில் 12 பேர் இளம்பருவத்தில் தாயையோ வளர்த்தவளையோ நெடுநாள் பிரிந்திருந்தவர்கள்!

அப்படியானால், அடிபட்ட பிள்ளையெல்லாம் கொடியவனாவான் என்று முடிவுகட்டலாமா? கூடாது. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வதைக்கப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகளுள் சிறார் பருவத்திலேயே கைதானோர் 26 விழுக்காடு. மற்றப் பிள்ளைகளுள் 17 விழுக்காடு. காயம் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் தலைவிதி ஆகிவிடுவதில்லை. எஞ்சிய 74 பேரை மறக்கலாமா?

நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் மாணவ நண்பர்களே! முரட்டுப் பிள்ளையைக் கண்டால் முத்திரை குத்தாதீர்; பிரம்பையும் தேடாதீர். அவன் பிறப்பை மாற்ற நம்மால் இயலாது. வளர்ப்பை மாற்ற இயலும். அதையேனும் செய்வோமாக!