கண்ணாடி கேட்டால் குற்றமா?

தோட்டத்து லோரி கிளம்பாவிட்டால், பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குப் போடும்படி உத்தரவு பறக்கிறது. அந்த வேலைக்குப் போகும் தொழிலாளி கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கேட்டால் மட்டும், "இதுவரை யாருக்கு என்ன ஆயிற்று?" என்று நிர்வாகம் திருப்பிக் கேட்கிறது. நல்ல நியாயம்!

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே போதும். ஒரு சிகரெட்டு நெருப்போ, ஸ்பானர் உரசிய ஒரு பொறியோ பேட்டரியை வெடிக்க வைத்துவிடும். தெறிப்பது கந்தகத் திராவகம். பாலை உறைய வைக்கும் திராவகம் கையில் பட்டால் எப்படி எரியும் என்று அறிந்த நமக்கு, இது கண்ணில் பட்டால் என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே காற்றோட்டமில்லாத ஸ்டோரில் இந்த வேலை கூடாது. சார்ஜரை நிறுத்திய பிறகே அதன் கம்பிகளை எடுக்கவேண்டும். லோரியிலிருந்து கழற்றும்போது மைனஸ் கம்பி முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில். திராவகம் கண்ணில் பட்டால் அங்கேயே, அந்தக் கணமே, கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்; ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்குப் பிறகுதான். பக்கத்தில் குழாய் இல்லாத இடத்தில் இது நடக்குமா?

கண்ணாடியின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம்! 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, இத்தகைய பாதுகாப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதைத் தடுக்கிறது. கிராணிமார்களே, அந்தக் கழிவைச் சம்பளக் கணக்கில் எழுதுமுன் அந்தப் பிரிவை மானேஜரிடம் காட்டுங்கள்.