முதலில் காற்று, பிறகு பேச்சு
கீழ்புத்துப்பட்டு போன்ற கடலோர ஊரில் பாட்காஸ்ட் தொடங்குபவருக்கு முதல் எதிரி காற்று. மைக்கில் அது மோதினால் இரைச்சல் பேச்சையே விழுங்கிவிடும். எந்த மென்பொருளும் பின்னால் அதை முழுதாக நீக்காது. மைக்குக்குப் பஞ்சு உறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரம், துணிமணி நிறைந்த சிறிய அறை, சாதாரணக் கைபேசி ஆகியவையே போதும். விலையுயர்ந்த கருவிக்கு அவசரமில்லை. கருவியைவிட முக்கியம், யாருக்காகப் பேசுவது என்ற தெளிவு. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே பேசுகிறது. மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள், கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமின் முதியோர் எனப் பதிவாக வேண்டிய குரல்கள் இங்கே ஏராளம். முகாமில் வாழ்பவரின் பெயரையும் குரலையும் வெளியிட அவருடைய சம்மதம் கட்டாயம். மூன்று பகுதிகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்கினால் வெளியீடு தடைபடாது.