வளையல் தட்டைத் தள்ளி வைத்தவர்களுக்கு

மைசூர் தேவராஜ மொஹல்லாவின் அத்தைமார்களுக்கும் அக்காமார்களுக்கும் மாமாக்களுக்கும் லீட்ஸிலிருந்து உங்கள் வீட்டுப் பெண் எழுதுவது.

தசராவுக்கு வந்திருந்தபோது நம் தெருவில் நடந்த வளைகாப்பைப் பற்றித்தான் இந்த மடல். சுபகாரிய வீட்டில் சண்டை வேண்டாம் என்று அன்று பேசாமல் இருந்தேன். ஊர் திரும்பி இத்தனை வாரமாகியும் மனம் ஆறவில்லை.

சந்தனம் பூசி, ஒவ்வொருவராக வளையல் அடுக்கிக்கொண்டு வந்தீர்கள். இன்னும் குழந்தை இல்லாத நம் பெண் ஒருத்தியின் முறை வந்ததும் தட்டு மறுபக்கம் நகர்ந்தது. "நீ உள்ளே போய் சித்திரான்னத்தைப் பார்த்துக்கோம்மா" என்று ஒரு பெரியம்மா சொன்னார். குரலில் துளி கடுமை இல்லை. அவளும் எழுந்து போனாள். கூடத்தில் இருந்த ஒருவர்கூட "இரும்மா" என்று சொல்லவில்லை. அவள் யாரென்று எழுத மாட்டேன்; அவளைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் முழுக்க அவள் தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மாதம் ஒன்று வளர வேண்டிய கருமுட்டை பலவாக வளர்வதற்கான ஊசி அது. பத்துப் பன்னிரண்டு நாள் போட வேண்டும், நடுநடுவே ஸ்கேன். கடைசி ஊசிக்கு மணி தவறக் கூடாது. அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். நேரம் பிசகினால் அதுவரை பட்ட பாடு வீண். இத்தனையையும் அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு தனியாகச் செய்தாள். மருந்து டப்பா ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் இருந்தது. மைசூரிலேயே மருத்துவமனைகள் இருக்க, விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் போனாள், தெரிந்த முகம் எதுவும் எதிரே வந்துவிடக் கூடாது என்று.

எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டுதான் காரணம். ஒரு வளையலுக்கு இத்தனை ஆத்திரமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம், அத்தனை ஆத்திரம்தான். அந்தத் தட்டு நகரும் என்று தெரிந்துதான் நம் பெண்கள் வாயைத் திறப்பதில்லை, சிகிச்சைக்காக நகை அடகுக்குப் போனதைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்வதில்லை.

இப்படி மறைத்ததில் நம் நாடே ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. துர்கா என்று அழைத்தார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று பெற்றோர் வெளியே வரத் தயங்கினார்கள். அரசு அமைத்த குழு டாக்டரை நம்பவில்லை. அவமானமும் இடமாற்றமும் தாங்காமல் 1981 ஜூன் 19-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் மும்பையில் ஹர்ஷா பிறந்ததும் அதுவே நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவானது. அந்த மும்பைச் சாதனையில் பங்குள்ள விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரே முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, 1997-ல் முதல் பெருமை அவருக்கே உரியது என்று எடுத்துச் சொன்னார். துர்காவான கனுப்பிரியா அகர்வால் தன்னை வெளியே சொல்லிக்கொண்டது 2003-ல், 25 வயதில். அந்த டாக்டருக்காக அந்தக் குடும்பம் பேச முடிகிற ஊராக அன்றைய கொல்கத்தா இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதே சிகிச்சையை நானும் எடுத்தபோது எனக்கு இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். பிரிட்டனில் 1990-ல் வந்த சட்டப்படி, இந்தச் சிகிச்சைக்கு முன் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரைப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆலோசனை தரச் சொல்கிறது. ஆனால் என்னைத் தாங்கியது சட்டம் மட்டும் அல்ல. முதல் ஊசியை எனக்குப் போட்டுவிட்டவர் லாகூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா. மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த அன்று யாழ்ப்பாணத்துத் தம்பதி ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் விசாரிக்காமல் போனார்கள். மாதம் ஒருமுறை நூலகத்து அறையில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். அங்கே ஆண்களும் அழுவார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் எனக்குச் செய்ததை, உடன் வளர்ந்தவளுக்கு நீங்கள் செய்யவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் கையைப் பிடிக்க முடியாதவள் எழுதுகிறேன் என்பதும் எனக்கு உறைக்கிறது. இங்கே எனக்குக் கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் அங்கே அவள் முகம்தான் முன்னால் வருகிறது.

உங்களுக்குத் தாங்கத் தெரியாதா என்ன? செலுவாம்பா ஆஸ்பத்திரியில் ஒருத்திக்குப் பிரசவம் என்றால் பூண்டுக்குழம்பு எந்த வீட்டிலிருந்து, வெந்நீர் ஃபிளாஸ்க் எந்த வீட்டிலிருந்து என்று ராத்திரியே முடிவாகிவிடும். கே.ஆர். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் ஏழு வீட்டு கேரியர் போகும். அந்தக் கைகளில் வளர்ந்தவள்தான் நானும். குழந்தை வந்த பிறகு ஓடி வருகிற அத்தனை பேரும், குழந்தைக்காக உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எங்கே போகிறீர்கள்?

மாமாக்களே, உங்களுக்கும் ஒன்று. குழந்தையில்லை என்றதும் மருமகளைத்தான் தொட்டமளூர் கிருஷ்ணனுக்குத் தொட்டில் கட்ட அழைத்துப் போகிறீர்கள். போங்கள், நானும் வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சொல்வதைக் கேளுங்கள்: குழந்தைப்பேறு தள்ளிப்போவதில் 30 சதவீதம் ஆண் பக்கத்துக் காரணம், சுமார் 40 சதவீதத் தம்பதியரில் இருவருக்குமே குறை காணப்படுகிறது. விந்துப் பரிசோதனைக்கு மயக்கமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். முதலில் உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது. அந்தக் கூடத்தில் அன்று எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பெண்ணுக்கு இந்த முறை கரு நிற்கவில்லை. உறைய வைத்த கருக்கள் மிச்சம் இருக்கின்றன. பொங்கலுக்குப் பிறகு மறுபடி போகிறாள். பெங்களூர் ரயிலில் கூடப் போக ஒரு அக்கா வேண்டும். கருவை வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் அவள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் "என்ன ஆச்சு" என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். மார்க்கெட்டிலிருந்து வரும்போது அவள் வீட்டுக்கும் சேர்த்து முருங்கைக்கீரை வாங்கி வாருங்கள். அடுத்த வீட்டு வளைகாப்பு மாசியில் என்று கேள்விப்பட்டேன். பெரியம்மா, முதல் வளையலை அவள் போடட்டும். நீங்களே அவளைக் கூப்பிடுங்கள்.